தோண்டாமல் விட்ட ஐந்து

மரக்காணம்,
தை மாதம்.

அன்புள்ள பேத்திக்கு,

காலாண்டு விடுமுறையில் நீ பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டைகள் கிழங்காகிவிட்டன. ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன். மணலை ஏன் மேடாகக் குவிக்கிறோம் என்று அன்று கேட்டாயே! முளை கீழ்நோக்கி இறங்கும். மண் இறுகியிருந்தால் கிழங்கு கோணிப்போகும், தோண்டும்போது முறியும். நம் கடற்கரை மணலில் அது நேராக ஓடும். ஐப்பசி, கார்த்திகை மழை போதும், தண்ணீர் இறைக்க வேண்டாம்.

மண் போகக் கழுவி, இரு முனையையும் நறுக்கி, மேல்தோலை உரி. பத்துக் கிழங்குக்கு இரண்டு தேக்கரண்டி கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள். மூழ்கத் தண்ணீர் ஊற்றி, குக்கரில் ஐந்தாறு விசில் விடு. உப்பும் நம் அளத்து உப்புதான், போன கோடையில் வாரியது. ஆறியதும் நீளவாக்கில் பிளந்து, நடுவிலுள்ள குருத்தை எடு. ஒடித்தால் நார் தொங்கும். அதைப் பிடித்து அடிவரை இழு. இதில் மட்டும் அவசரம் கூடாது, மிஞ்சிய நார் பல்லிடுக்கில் மாட்டும்.

இனி பொங்கலுக்கு நான் இடிக்கும் உருண்டை. நான்கு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகத்தை முதலில் நசுக்கு. பொடியாக நறுக்கிய கிழங்கையும் அரை மூடித் தேங்காய்த் துருவலையும் சேர்த்து இடி. மிக்சி என்றால் விட்டுவிட்டு ஓட்டு, தண்ணீர் சேர்க்காதே. கிழங்கின் மாவுப் பசையே உருண்டை பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் பச்சைக் கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, அந்த மாவில் மீனும் காய்கறியும் போட்டுக் கூழ் காய்ச்சுகிறார்கள். மாவைத் தண்ணீரில் ஊறவைத்துக் கசப்பை இறுத்த பிறகுதான் அடுப்பேற்றுவார்கள். நாம் வேகவைத்தே சாப்பிடுவோம்.

ஒன்றை மறக்காதே கண்ணு. நாம் தின்னும் ஒவ்வொரு கிழங்கும் ஒரு பனையாகியிருக்க வேண்டியது. பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. வெட்டாமல் காப்பது பாதி வேலை, புதைப்பது மீதிப் பாதி. அதனால் பாத்தி ஓரத்தில் ஐந்தைத் தோண்டாமல் விட்டிருக்கிறேன். முதல் ஓலை விசிறியாக விரியாது, கத்தி போல ஒற்றையாக நீளும். புல் என்று பிடுங்கிவிடாதே. ஆண்பனையா பெண்பனையா என்பது பாளை விடும்போதுதான் தெரியும். அதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது ஆகும். அப்போது நீ வந்து பார்த்துச் சொல்.

அன்புடன்,
பாட்டி