ரேஸை எப்போது நிறுத்தலாம்? பைக் ஓட்டும் தம்பிகளுக்கு ஓர் அக்காவின் டிப்ஸ்

சீசன் முடிகிற சமயத்தில் தம்பிகள் யாராவது என்னிடம் வந்து கேட்கிற கேள்வி இது: "அக்கா, அடுத்த வருஷமும் ஓட்டலாமா, இல்ல இதோட போதுமா?" கேட்பவர்கள் கம்பெனி டீமில் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்கள் அல்ல. திங்கள் முதல் வெள்ளி வரை ஆபீஸ். வெள்ளி ராத்திரி குட்டியானையில் பைக்கை ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வருகிறவர்கள். டயர், பெட்ரோல், எண்ட்ரி ஃபீஸ் எல்லாம் சொந்தச் சம்பளம். என் தம்பியும் அப்படி ஓட்டியவன்தான். பிட் வாலில் நின்று அவனுக்கு போர்டு காட்டியது நான். எண்ட்ரி ஃபாரத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தில் இருந்ததும் என் நம்பர்தான். அந்த உரிமையில் சொல்கிறேன். பெண்கள் பிரிவில் ஓட்டுகிற தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான்.

முடிவெடுக்கக் கூடாத நாட்கள்

விழுந்த கையோடு முடிவெடுக்காதே. போடியம் ஏறிய வாரத்திலும் எடுக்காதே. இரண்டு நேரத்திலும் பேசுவது நீ இல்லை. ஒன்றில் வலி பேசும், இன்னொன்றில் கைதட்டல் பேசும்.

2020 ஜூலையில் ஹெரெஸ் மோட்டோஜிபி ரேஸில் விழுந்து மார்க் மார்க்கெஸுக்கு வலது மேல்கை எலும்பு உடைந்தது. ஆபரேஷன் முடிந்து சில நாட்களிலேயே, அதே ஹெரெஸில் நடந்த அடுத்த ரேஸுக்காக மறுபடி பைக்கில் ஏறினார். முடியாமல் விலகினார். கைக்குள் வைத்த பிளேட் சேதமாகி மறு ஆபரேஷன் ஆனது, அந்த சீசன் மொத்தமும் போனது. அந்த ஒரு கைக்கு நான்கு ஆபரேஷன்கள். ஆனால் 2025-ல் அவர் திரும்பவும் உலக சாம்பியன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் "திரும்பி வந்தே தீருவேன்" என்று எடுத்த அவசர முடிவு அவரைக் கெடுத்தது. அதே கட்டிலில் "இனி வேண்டாம்" என்று முடிவெடுத்திருந்தால் அதுவும் தப்பாகியிருக்கும்.

ஹோர்ஹே லோரென்ஸோ செய்ததை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். 2019 ஜூனில் ஆஸன் பிராக்டிஸில் விழுந்து முதுகெலும்பில் முறிவு. அன்றைக்கே அவர் ரிட்டயர் ஆகவில்லை. எலும்பு கூடிய பிறகு சில்வர்ஸ்டோனில் வந்து ஓட்டினார், தொடர்ந்து ரேஸ்களில் ஓட்டிப் பார்த்தார். நவம்பரில் வாலென்சியாவில்தான் நிறுத்துவதாக அறிவித்தார். மீண்டும் மேலே ஏறி வருவதற்கான ஊக்கமும் பொறுமையும் தன்னிடம் இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அப்போது அவருக்கு 32 வயது. உடம்பைத் தேற்றிக்கொண்டு, பைக்கில் ஏறி, தன் மனசு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொன்ன முடிவு அது.

நீயும் அதையே செய். டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒன்றிரண்டு பிராக்டிஸ் செஷனாவது நிதானமாக ஓட்டு. அதுவரை யார் கேட்டாலும் "இன்னும் யோசிக்கல" என்று சொல். முடிவெடுக்க ஏற்ற நேரம் சீசனுக்கு நடுவில் இல்லை. ரேஸ் லைசென்ஸ் புதுப்பிக்கிற ஃபாரம் முன்னால் இருக்கும்போது, வீட்டில், உடம்பில் காயம் எதுவும் இல்லாத ஒரு நாளில் உட்கார்ந்து எடு.

பயம் வேறு, அரைமனசு வேறு

நிறைய பேர் பயம் வந்துவிட்டது என்பதற்காக நிறுத்துகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பயம் இருப்பவன் செயின் டென்ஷனை இரண்டு தடவை பார்ப்பான். ஆயில் போல்ட்டில் லாக் வயர் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பான். பிரேக் பேட் தேய்ந்திருந்தால் "இந்த ஒரு ரேஸ் ஓடிரும்" என்று விடமாட்டான். பிரேக் போட வேண்டிய இடத்தைக் கண்ணால் தேடிப் பிடிப்பான். மெயின் ஸ்ட்ரெயிட்டில் முழு திராட்டிலில் வந்து முதல் வளைவான சி1-க்குள் நுழைகிற யாருக்கும் அடிவயிற்றில் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். அது உன்னைக் காப்பாற்றுகிறது.

ஆபத்து அரைமனசில் இருக்கிறது. நம் டிராக் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதில் ஏதோ ஒரு வளைவில் திங்கட்கிழமை மீட்டிங் ஞாபகம் வருகிறது, வீட்டு லோன் ஞாபகம் வருகிறது என்றால் அன்றைக்கே செஷனை முடித்துக்கொண்டு பிட்டுக்குள் வந்துவிடு. ஒரு நாள் அப்படி ஆவது யாருக்கும் நடக்கும். ஒரு சீசன் முழுக்க அப்படியே இருந்தால் நிறுத்துகிற காலம் வந்துவிட்டது.

இதை வெளியிலிருந்து பார்த்தே கண்டுபிடிக்கலாம். என் தம்பி ஒவ்வொரு செஷன் முடிந்து உள்ளே வரும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே "எவ்வளவு?" என்று விரலால் கேட்பான். லேப் டைம் தெரிந்த பிறகுதான் தண்ணீர் குடிப்பான். ஒரு சீசனில் அது மாறிப்போனது. உள்ளே வந்ததும் முதலில் போனைக் கேட்டான். டைமை நானாகச் சொன்னால்தான் உண்டு. டைம் ஒன்றும் மோசமாகிவிடவில்லை, ஒன்றிரண்டு செஷனில் முன்பைவிட நன்றாகவே ஓட்டினான். ஆனால் கேள்வி நின்றுபோயிருந்தது. காலையில் எழுந்து ஓடுவதும் நின்றிருந்தது. பைக்கை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு ரேஸுக்கு முந்தைய நாள் போய் எடுத்து வந்தான். அந்த வருஷக் கடைசியில் நானே பேச்சை எடுத்தேன். அவன் மறுத்துப் பேசவில்லை.

அதனால் லேப் டைமை வைத்து மட்டும் முடிவெடுக்காதே. டைம் மோசமாக டயர் காரணமாக இருக்கலாம், ஸ்ப்ராக்கெட் காரணமாக இருக்கலாம். சென்னை மதிய வெயிலில் லெதர் சூட்டுக்குள் தண்ணீர் வற்றிப்போன உடம்பும் காரணமாக இருக்கலாம். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அதே மாதிரி டயர், அதே காலை நேர செஷன் என்று வைத்து ஒப்பிடு. அதைவிட நல்ல கேள்விகள்: ரேஸ் இல்லாத வாரத்தில் பைக்குக்காக என்ன செய்தாய்? உடம்புக்காக என்ன செய்தாய்? பதில் சொல்ல ஒன்றுமில்லாமல் இரண்டு மாதம் போயிருந்தால் நீ ஓட்டத் தயாராக இல்லை என்று பொருள்.

வயதைப் பற்றியும் கேட்பார்கள். வாலண்டினோ ரோஸி 2017-ல் ஆஸனில் ஜெயித்ததுதான் அவருடைய கடைசி வெற்றி. அதற்குப் பிறகும் நான்கு சீசன் ஓட்டி, 2021-ல் 42 வயதில்தான் நிறுத்தினார். ஆசை இருந்தது, உழைப்பும் இருந்தது. கேஸி ஸ்டோனர் 2011 உலக சாம்பியன், 2012-ல் 27 வயதில் விலகிவிட்டார். விலகுகிற அதே சீசனில் பிலிப் ஐலண்டில் ஜெயித்தும் காட்டினார். இரண்டு பேரும் செய்தது சரிதான். உனக்கு 38 ஆகிவிட்டது என்பது மட்டும் காரணமாகாது.

உடம்பு சொல்வதை எழுதி வை

ஒரு நோட்டுப் புத்தகம் போடு. எந்தத் தேதி, எந்த வளைவு, எங்கே அடி, எத்தனை நாளில் சரியானது என்று ஒவ்வொரு விழுதலையும் எழுது. சின்னதாக விழுந்ததையும் விடாதே.

முக்கியமாகத் தலையில் பட்ட அடி. ஹெல்மெட் தரையில் மோதிய பிறகு தலைவலி, வாந்தி, வெளிச்சம் பட்டால் கண்கூச்சம், நடந்தது ஞாபகமில்லாமல் போவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு மறுபடி பைக்கில் ஏறவே கூடாது. டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகும் படிப்படியாகத்தான் திரும்ப வேண்டும். நோட்டைப் புரட்டும்போது, முன்பைவிடச் சின்ன அடிக்கே இந்த மாதிரி வருகிறது, சரியாக முன்பைவிட அதிக நாளாகிறது என்று தெரிந்தால் நியூராலஜிஸ்ட்டிடம் நோட்டோடு போ. அவர் போதும் என்று சொன்னால் அங்கே பேரம் கிடையாது. நான் மேலே எழுதிய மனசு விஷயம் எதுவும் அதற்கு முன்னால் நிற்காது.

அடுத்தது மணிக்கட்டு. கட்டைவிரலுக்குக் கீழே ஸ்கேஃபாய்ட் என்று ஒரு சின்ன எலும்பு. கையூன்றி விழுகிறவர்களுக்கு உடைகிற எலும்பு அது. ரத்த ஓட்டம் குறைவான இடம் என்பதால் மெதுவாகத்தான் கூடும். முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். "சுளுக்குதான்" என்று விட்டுவிடாமல், வலி நிற்கவில்லையென்றால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி எக்ஸ்-ரேயோ எம்ஆர்ஐயோ கேட்டு எடு. வலது கையால் பிரேக் லீவரை முழு பலத்தோடு இழுக்க முடியாதவன் கிரிட்டில் நின்றால் அவனுக்குப் பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்து.

2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் தேசியப் போட்டி ஒன்றில் 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். அது டிராக்தான், மார்ஷல்களும் ஆம்புலன்ஸும் இருக்கிற இடம்தான். "டிராக்கில் ஒன்றும் ஆகாது" என்று வீட்டில் பொய் சொல்லாதே. உனக்கே சொல்லிக்கொள்ளவும் செய்யாதே.

பணமும் பாலிசியும்

சீசன் தொடங்கும் முன்பே ஒரு முழு கிராஷுக்கான செலவைத் தனியாக எடுத்து வை. ஃபேரிங், ஃபோர்க், லீவர், ஹெல்மெட், டாக்டர் எல்லாம் சேர்த்து. அதைச் செலவாகிவிட்ட பணம் என்றே நினைத்துக்கொள். அப்படி எடுத்து வைக்க முடியவில்லையென்றால் அந்த வருஷம் ஓட்டாதே. பர்சனல் லோன் போட்டு, நகையை வைத்து ரேஸ் ஓட்டும் நிலை வந்தால் அப்போதே நிறுத்து. கடனோடு ஓட்டுகிறவன் விட வேண்டிய இடத்திலும் விடமாட்டான்.

பைக்குக்கு நீ போட்டிருக்கும் சாதாரண வாகன இன்ஷூரன்ஸ் ரேஸில் ஆகும் சேதத்துக்குப் பணம் தராது. மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 09 என்ற பகுதியை எடுத்துப் படி. அபாயகரமான விளையாட்டுகளில் தொழில்முறையாகப் பங்கேற்று அடிபட்டால் சிகிச்சைச் செலவு கிடைக்காது என்று இருக்கும், அந்தப் பட்டியலில் மோட்டார் ரேஸும் உண்டு. நீ தொழில்முறை ஓட்டுநர் இல்லைதான். ஆனால் லைசென்ஸ் எடுத்து, பரிசுப் பணத்துக்குப் போட்டி போடுகிறவனை அவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கு. டெர்ம் பாலிசி எடுக்கும்போது ரேஸ் ஓட்டுவதை மறைக்காதே. பாதகமான பதில் வந்தால் அதை வீட்டில் காட்டு. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் நிறுத்த முடிவெடுத்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

வீட்டில் பேசுவதை ரேஸ் வாரத்தில் வைத்துக்கொள்ளாதே. மனைவியோ அம்மாவோ "ஜாக்கிரதையா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருப்பார்கள். சீசன் இல்லாத மாதத்தில் உட்கார்ந்து, எது உங்களுக்குப் பயம் என்று கேள். விழுவதா, பணமா, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இல்லாததா? சில வீடுகளில் மூன்றாவதுதான் பதிலாக வரும். ஒரு சீசனில் பாதி ரவுண்டு மட்டும் ஓட்டினாலே அது தீர்ந்துவிடும், நிறுத்தவே வேண்டாம்.

நிறுத்துவதென்றால்

அறிவிக்காதே. லைசென்ஸ் வருஷா வருஷம் புதுப்பிப்பதுதானே? ஒரு வருஷம் புதுப்பிக்காமல் விடு, அவ்வளவுதான். வாட்ஸ்ஆப் குரூப்பில் பிரியாவிடை எழுதிவிட்டால் திரும்பி வர மானம் இடம் கொடுக்காது, வராமல் இருக்கவும் மனசு விடாது. அந்த ஒரு வருஷத்தில் ரேஸ் நாளன்று நீ என்ன செய்தாய் என்று கவனி. லைவ் டைமிங்கைத் தேடிப் பார்த்துக்கொண்டே இருந்தாயா, இல்லை அன்றைக்கு ரேஸ் என்பதையே மறந்துபோனாயா?

ஓட்டாமல் இருக்கிற அந்த வருஷத்தில்தான் நான் மிகவும் பயப்படுகிற ஒன்று இருக்கிறது. டிராக்கை விட்ட கை ஈசிஆர் என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போவது. விடியற்காலையில் ரோடு காலியாக இருக்கிறது, நமக்குத்தான் ஓட்டத் தெரியுமே என்று தோன்றும். அங்கே ரன்-ஆஃப் இல்லை, மஞ்சள் கொடி இல்லை, எதிரே வருவது மீன் கூடையோடு ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். அந்த அரிப்பு அடங்கவில்லையென்றால் நீ இன்னும் நிறுத்தத் தயாராகவில்லை என்று எடுத்துக்கொண்டு டிராக்குக்கே திரும்பிப் போ. டிராக் டே இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பொசிஷன் இல்லாமல், பாயின்ட் இல்லாமல் ஓட்டலாம். மார்ஷலாகப் போய் நிற்கலாம். ஓட்டியவன் கையில் மஞ்சள் கொடி இருந்தால் அது சரியான நேரத்தில் அசையும்.

பைக்கை விற்கும்போது, அது ரோட்டுக்கான ஆர்சி உள்ள வண்டியாக இருந்தால் ஃபாரம் 29, 30 போட்டுப் பெயர் மாற்றிக் கொடு. இஞ்சினில் என்னென்ன மாற்றினாய், எந்த இடத்தில் எப்போது விழுந்தது என்று வாங்குகிறவனிடம் எழுதிக் கொடு. ரோட்டில் ஓட்டக் கேட்டு வருகிற காலேஜ் பையனுக்கு விற்காதே, ரேஸ் ஓட்டுகிறவனுக்கே கொடு, விலை கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. லெதர் சூட்டை அளவு பொருந்துகிற புதுப் பையன் யாருக்காவது கொடுத்துவிடு. சூட் வாங்கக் காசில்லாமல் முதல் சீசனைத் தள்ளிப்போடுகிறவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். ஹெல்மெட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காதே. ஒரு தடவை பலமாக மோதியிருந்தாலோ, வாங்கி ஐந்து வருஷம் ஆகியிருந்தாலோ, பட்டையை அறுத்துவிட்டுத் தூக்கிப் போடு.