பாவம் வேறு, குற்றம் வேறு

(வேதபாடம். வாசிக்கவேண்டிய பகுதிகள்: 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் 16:19-39)



இந்த மாதப் பாடத்தின் பொருள் சபையில் மைக்கில் பேசப்படுகிற பொருள் அல்ல. ஆனால் ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டுகிற இடத்தில் பேசப்படுகிறது. "பாஸ்டர், ஆணும் ஆணும், பொண்ணும் பொண்ணும் சேர்ந்து வாழலாம்னு கோர்ட்டே சொல்லிடுச்சாமே? இனிமே அதைப் பத்திப் பிரசங்கம் பண்ணினா நம்மளத்தான் உள்ளே போடுவாங்களாமே?" என்று கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பி ஜெபக்குறிப்பு எழுதுகிறவர்களும் உண்டு. ஆகவே முதலாவது நடந்தது என்னவென்று பார்த்துவிட்டு, பிறகு வேதத்துக்குள் போவோம்.

வெள்ளைக்காரர் காலத்தில் 1860-ஆம் வருஷம் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தில் 377 என்று ஒரு பிரிவு இருந்தது. ஆணும் ஆணும் மனமொத்து உறவு கொண்டாலும் ஆயுள் தண்டனை வரைக்கும் கொடுக்க அதில் இடம் இருந்தது. 2009 ஜூலை 2-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், பெரியவர்கள் இருவர் சம்மதத்தோடு தனிமையில் செய்வதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். அப்போஸ்தல சபைகளின் கூட்டமைப்பு ஒன்று, உத்கல் கிறிஸ்தவ கவுன்சில் என்கிற ஒரிசா தேசத்து அமைப்பு ஒன்று. 2013 டிசம்பர் 11-ல் அவர்கள் பக்கம் ஜெயித்தது. பழைய சட்டம் திரும்ப உயிர்பெற்றது. ஐந்து வருஷம் கழித்து, 2018 செப்டம்பர் 6-ல், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை மாற்றினார்கள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் 377-க்குச் சமமான பிரிவே இல்லை.

கல்யாண விஷயம் வேறே. 2023 அக்டோபர் 17-ல் அதே உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்டவர்கள் சட்டப்படி விவாகம் செய்துகொள்ள அடிப்படை உரிமை இல்லை, வேண்டுமானால் பார்லிமெண்ட் சட்டம் இயற்றட்டும் என்று சொல்லிவிட்டது. ஆக, எந்தப் பாஸ்டரையும் எந்தக் கோர்ட்டும் இந்த மாதிரி விவாகத்தை நடத்தித் தா என்று கேட்கவில்லை. வேதத்தின்படி விவாகத்தைக் குறித்துப் போதித்தால் ஜெயில் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. இந்தப் பயத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

இப்போது பாடத்துக்கு வருவோம்.

கொரிந்து சபையில் ஒருவன் தன் தகப்பனுடைய மனைவியை வைத்துக்கொண்டிருந்தான். அஞ்ஞானிகளே வாயில் சொல்லக் கூசுகிற காரியம் இது. பவுல் என்ன செய்தார்? சபைக்குள்ளே அதை விசாரித்து ஒழுங்குபடுத்தச் சொன்னார். அதோடு ஒரு எல்லைக்கோடும் போட்டார். 12, 13 வசனங்களைக் கவனமாய் வாசியுங்கள். உள்ளே இருக்கிறவர்களைக் குறித்துத் தீர்மானிப்பது சபையின் வேலை. புறம்பே இருக்கிறவர்களைத் தீர்க்கிறவர் தேவன். கொரிந்து பட்டணத்தின் அதிபதியிடம் போய், இப்படிப்பட்டவர்களையெல்லாம் பிடித்துக் காவலில் போடுங்கள் என்று மனு கொடுக்கும்படி பவுல் ஒரு இடத்திலும் எழுதவில்லை. இத்தனைக்கும் கொரிந்து எப்படிப்பட்ட ஊர் என்று நமக்குத் தெரியும்.

பாவம் என்பது தேவனுக்கும் மனுஷனுக்கும் நடுவிலே உள்ள காரியம். குற்றம் என்பது ராயனுடைய புஸ்தகத்தில் எழுதியிருக்கிற காரியம். சில சமயம் இரண்டும் ஒன்றாயிருக்கும். கொலை, திருட்டு அப்படித்தான். பல சமயம் இரண்டும் ஒன்றல்ல. பொய் சொல்வது பாவம், பொறாமை பாவம், பெருமை பாவம். பெருமைக்காக யாரையாவது போலீஸ் பிடித்தால், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு ஆள் இருக்காது. பிரசங்க பீடத்திலும் ஆள் இருக்காது.

1 கொரிந்தியர் 6-ல் ஒரு பட்டியல் இருக்கிறது அல்லவா, அதில் ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போகிறோம். பொருளாசைக்காரரும் அதே பட்டியலில்தான் இருக்கிறார்கள். அறுபது பவுன் பேசி முடித்த கல்யாணத்துக்கு நாம் மேடையேறி ஆசீர்வாதம் சொல்கிறோம். வரதட்சணை வாங்குவது 1961 முதல் சட்டப்படியும் குற்றம். எந்தச் சபை அதற்காகக் கோர்ட்டுக்குப் போனது? இதைச் சொன்னால் சில பேருக்கு முகம் மாறும், பரவாயில்லை.

அடுத்தது அப்போஸ்தலர் 16. பவுலும் சீலாவும் பிலிப்பியில் விசாரணை இல்லாமல் அடிக்கப்பட்டு, தொழுமரத்தில் மாட்டப்பட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள், போகட்டும் விடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். நாமாயிருந்தால் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஓடியிருப்போம். பவுல் நகரவில்லை. ரோமக் குடிமக்களை விசாரிக்காமல் எல்லாருக்கும் முன்பாக அடித்துவிட்டு, ரகசியமாய் அனுப்பப் பார்க்கிறீர்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கொண்டுபோகட்டும் என்றார். ஏன்? அன்றைக்கு அந்த ஊரில் லீதியாளின் வீட்டில் கூடுகிற சின்னச் சபை ஒன்று இருந்தது. பவுல் போன பிறகு அவர்கள் மேல் கைவைக்க அதிகாரிகள் இரண்டு தரம் யோசிப்பார்கள் அல்லவா? குடியுரிமையைப் பவுல் தன் முதுகுக்காக மாத்திரம் பேசவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.

அதே அதிகாரத்தில் 26-ஆம் வசனத்தையும் பாருங்கள். பூமி அதிர்ந்தபோது யாருடைய கட்டுகள் கழன்றன? பவுல், சீலா இவர்களுடைய கட்டுகள் மாத்திரமா? எல்லாருடைய கட்டுகளும் கழன்றன. பக்கத்து அறையில் இருந்தவன் எந்தக் கேஸில் உள்ளே வந்தவன் என்று வேதம் சொல்லவே இல்லை.

இது நமக்கு ஏன் முக்கியம் என்று கேட்பீர்கள். 2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒரு அவசரச் சட்டம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூன்று வருஷம் வரை ஜெயில், ஐம்பதாயிரம் ரூபாய் அபராதம். ஞானஸ்நானம் கொடுக்கிற ஊழியக்காரன் கலெக்டருக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், லுத்தரன், பெந்தெகொஸ்தே என்று வித்தியாசம் பாராமல் அன்றைக்கு எல்லாரும் எதிர்த்தோம். ஒருவனுடைய மனச்சாட்சிக்குள் போலீஸ் நுழையக்கூடாது என்றோம். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடமாயிற்று. 2004-ல் அந்தச் சட்டம் கைவிடப்பட்டபோது சாட்சி சொன்னோம். இன்றைக்கும் வீட்டு ஜெபம் வைத்தால், பக்கத்து வீட்டார் புகார் கொடுத்து, "பர்மிஷன் இருக்கா?" என்று கேட்டு ஸ்டேஷனில் உட்காரவைக்கிறார்கள். அப்போது நாம் எந்தப் புஸ்தகத்தைக் காட்டுகிறோம்? அதே அரசியலமைப்பைத்தான். வீட்டுக் கதவுக்கு உள்ளே நான் யாரைத் தொழுகிறேன் என்பது உங்கள் விசாரணைக்கு உட்பட்டதல்ல என்கிறோம். கதவு நம்முடையதாயிருந்தால் ஒரு நியாயம், அடுத்தவனுடையதாயிருந்தால் வேறொரு நியாயமா?

2013 தீர்ப்பில் ஒரு வாதம் இருந்தது. இப்படிப்பட்டவர்கள் தேசத்தின் ஜனத்தொகையில் மிகச் சிறிய கூட்டம், நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பிரிவில் வழக்குக்கு உள்ளானவர்கள் இருநூறு பேர்கூட இல்லை, ஆகவே சட்டத்தை ரத்து செய்ய இது போதாது என்கிற வாதம். அன்றைக்குச் சந்தோஷப்பட்ட கிறிஸ்தவர்கள் இதைக் கேட்டு நடுங்கியிருக்க வேண்டாமா? 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு 2.3 பேர். தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஆறு. கூட்டம் சின்னது, ஆகவே உரிமை பெரிதல்ல என்றால், அந்தக் கத்தி அடுத்து யார் பக்கம் திரும்பும்?

இன்னொரு வழக்கையும் சொல்லவேண்டும். கேரளாவில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர், பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது மரியாதையாய் எழுந்து நிற்பார்கள், ஆனால் பாடமாட்டார்கள். 1985-ல் அவர்களைப் பள்ளியைவிட்டு வெளியேற்றினார்கள். 1986 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தப் பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கும்படி தீர்ப்பு எழுதினார். யெகோவா சாட்சிகளின் உபதேசம் நமக்கு ஏற்புடையதா? இல்லை. திரித்துவத்தை மறுதலிக்கிறவர்களோடு நமக்கு ஐக்கியம் இல்லை. ஆனாலும் நம் பிள்ளைகளுக்கு மனச்சாட்சியின் கஷ்டம் ஒன்று வந்தால், வக்கீல் முதலாவது எடுக்கிற தீர்ப்பு இதுவாகத்தான் இருக்கும். ஒருவனுடைய உரிமைக்காகப் பேசுவது அவனுடைய போதனைக்கு ஆமென் சொல்வது ஆகாது.

விவாகத்தைக் குறித்து நம் சபையின் போதனையை நான் மாற்றி எழுதவில்லை. ஆதியாகமம் 2, மத்தேயு 19, ரோமர் 1, இவைகளை நாம் எப்படி வாசிக்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். வேறே விதமாக வாசிக்கிற சபையார் இருக்கிறார்கள், அவர்களோடு வேதத்தைத் திறந்து பேசலாம். நான் கேட்பது, இதை நடத்த லத்தி வேண்டுமா என்பதே. சமாரியக் கிராமத்தார் ஏற்றுக்கொள்ளவில்லை என்று வானத்திலிருந்து அக்கினியைக் கூப்பிடலாமா என யாக்கோபும் யோவானும் கேட்டார்கள். ஆண்டவர் கிராமத்தாரை அல்ல, சீஷர்களையே அதட்டினார். லூக்கா 9-ல் இருக்கிறது.

இனி நம் வீடுகளுக்குள் வருவோம். இதுதான் எனக்குப் பாரமாயிருக்கிற பகுதி.

2021-ல் மதுரையைச் சேர்ந்த இளம்பெண்கள் இருவர், சேர்ந்து வாழ்வோம் என்று வீட்டைவிட்டுச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடிவர, அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. இதைப்பற்றித் தனக்கே தெளிவு போதாது என்று சொல்லி, மனநல ஆலோசகரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டார். பெரிய ஸ்தானத்தில் இருக்கிறவர் அப்படிச் சொல்வது சின்னக் காரியம் அல்ல. பெற்றோரையும் ஆலோசனைக்கு அனுப்பினார். எங்கள் பெண்கள் கல்யாணமே இல்லாமல் இருந்துவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் அவர்கள் மனநிலையாக இருந்தது. அந்தத் தாய் தகப்பனுடைய வேதனையை நான் லேசாய் எண்ணவில்லை. நம்மில் யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்போம். 2021 ஜூன் 7-ல் வந்த உத்தரவில், இப்படிப்பட்டவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக்கூடாது, வைத்தியம் செய்து மாற்றுகிறேன் என்று டாக்டர்கள் யாரும் இறங்கக்கூடாது என்று நீதிபதி எழுதினார்.

டாக்டருக்குத்தானே சொன்னார், பாஸ்டருக்கு இல்லையே என்று நினைக்கவேண்டாம். 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றத்துக்கு இன்னொரு வழக்கு வந்தது. இருபத்தைந்து வயதுப் பெண். வீட்டார் பலவந்தமாய்க் கொண்டுபோய், அடித்து, 'சரியாக்குவதற்கு' என்று சில சடங்குகளையும் செய்யவைத்ததாக நீதிபதிகளிடம் சொன்னாள். நீதிபதிகள் அவளை அவள் விருப்பப்படி போகவிட்டார்கள். என்ன சடங்கு என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. கோயிலோ, தர்காவோ, சபையோ, அடிபட்ட முதுகுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆவிகளைத் துரத்துகிற ஊழியம் வேதத்தில் உண்டு, நாமும் அதை விசுவாசிக்கிறோம். ஆனால் வயதுக்கு வந்த பிள்ளை வேண்டாம் என்று அழும்போது நான்கு பேர் பிடித்துக்கொள்ள, மூன்று நாள் தண்ணீர்கூட இல்லாமல் அறையில் அடைத்து, முடியைப் பிடித்து ஆட்டுகிறதை சுவிசேஷத்தின் எந்தப் பக்கத்தில் பார்த்தீர்கள்? பெதஸ்தா குளத்தண்டையில் முப்பத்தெட்டு வருஷம் கிடந்தவனிடத்திலேயே, சுகமாக விரும்புகிறாயா என்று ஆண்டவர் முதலாவது கேட்டார். தவிர, ஒருவரை அடைத்துவைப்பதும் அடிப்பதும் தேசத்தின் சட்டத்தில் குற்றம். பாவமும் குற்றமும் ஒன்றாகிற இடம் இது. குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது அந்தப் பிள்ளை அல்ல.

ஆகவே நம் சபைக்குச் சில காரியங்களை மூப்பர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். இந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையை ஜெபத்துக்குக் கொண்டுவந்தால், முதலாவது அந்தப் பிள்ளையிடம் தனியாய்க் கேட்போம். வேண்டாம் என்றால் கைவைத்து ஜெபிக்கமாட்டோம். அவர்கள் சொன்னது சாட்சி நேரத்திலோ ஜெபக்குறிப்பிலோ வராது. வீட்டைவிட்டுத் துரத்தாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வோம். தங்க இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பிள்ளைக்கு யார் வலைவிரிப்பார்கள் என்று இந்த ஊரில் இருக்கிற நமக்குச் சொல்லித்தரவேண்டியதில்லை. ஏளனமாய்க் கூப்பிடுகிற வார்த்தைகள் வாலிபர் கூட்டத்தில் இனி கேட்கக்கூடாது. பேப்பரில் 'தன்பாலீர்ப்பாளர்' என்று மரியாதையாய் எழுதுகிறார்கள், நம் பிள்ளைகள் பேசுகிற வார்த்தையை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

திருநங்கைகளைக் குறித்துச் சிலர் கேட்டிருந்தீர்கள். அது தனிப் பாடம், அடுத்த மாதம் பார்ப்போம். வருமுன்னே ஏசாயா 56:3-5-ஐயும் அப்போஸ்தலர் 8:26-40-ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள். எத்தியோப்பிய மந்திரி என்று நாம் ஞாயிறு பள்ளியிலிருந்து சொல்லிவருகிற அந்த மனுஷனை மூலபாஷையில் லூக்கா அண்ணகன் என்றே எழுதுகிறார். உபாகமம் 23:1-ன்படி அப்படிப்பட்டவனுக்குச் சபையில் இடம் இல்லை. பின்னே பிலிப்பு எப்படி அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தான்? யோசித்து, நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.