தோட்டத்துக் கீரையும் வார்ஃபரின் மாத்திரையும்

மழை ஓய்ந்தபின் மார்கழியில் விதைத்த கீரைப் பாத்திகள் தை, மாசியில் அறுவடைக்கு வருகின்றன. கிளியனூர் வட்டாரத்தில் வீட்டுக் கொல்லைகள் செழித்திருக்கும் பருவம் இது. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை ஆகியவற்றோடு முருங்கையும் துளிர்க்கிறது. குளிர்நாடுகளிலும் பனி உருகியவுடன் தோட்டத்தில் முதலில் பறிக்கப்படுபவை கீரை வகைகளே. இத்தகைய பருவத்தில்தான், செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டு வார்ஃபரின் உட்கொள்வோர் சிலரது ஐ.என்.ஆர். அளவு குறைந்திருப்பதை நாங்கள் காண்கிறோம்.

இரத்தம் உறைவதற்கான சில புரதங்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே தேவை. அந்த வைட்டமினின் செயலைத் தடுப்பதே வார்ஃபரினின் பணி. கீரையில் வைட்டமின் கே மிகுதியாக உள்ளது. எனவே திடீரென நாள்தோறும் கீரை உண்டால் மருந்தின் வலு குன்றுகிறது. வால்வில் இரத்தக்கட்டி உருவாகலாம். அது மூளைக்குச் சென்றால் பக்கவாதம். சித்திரை வெயிலில் பாத்தி காய்ந்து கீரை நின்றுபோனாலோ, அதுவரை சரியாக இருந்த மாத்திரை அளவே மிகையாகி இரத்தக்கசிவு ஏற்படலாம். இந்த இரண்டாவது ஆபத்தைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

இம்மருந்தின் வரலாறும் பயிரோடு தொடர்புடையதே. 1920களில் வட அமெரிக்காவில், பூசணம் பிடித்த ஸ்வீட் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தக்கசிவால் மடிந்தன. அதற்குக் காரணமான பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாக அறிமுகமாகி, 1954இல் மனிதருக்கான மருந்தாயிற்று. இதைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. மருந்தாவதும் நஞ்சாவதும் அளவினால்தான்.

ஆகவே கீரையை அறவே விலக்குங்கள் என்று நாங்கள் கூறுவதில்லை. அவ்வாறு கூறுவது தவறு என்பதே எங்கள் கருத்து. வாரத்திற்கு இரண்டு நாள் ஒரு கிண்ணம் உண்பவர், ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அதே அளவில் உண்ணட்டும். பாத்தி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல், பத்து நாள் இடைவெளியில் பகுதி பகுதியாக விதைத்தால் அறுவடையும் சீராக வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வேண்டிய அளவு மட்டும் கிள்ளலாம். மிஞ்சுவதை வீணாகிறதே என்று தாமே உண்ணாமல் அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம். முருங்கைக்கீரையில் கூடுதல் கவனம் வேண்டும். முட்டைக்கோசின் பச்சையான வெளியிதழ்களில் உள்ளிதழ்களைவிட வைட்டமின் கே அதிகம். கேரட், முள்ளங்கிக் கிழங்கு, கத்தரி, பூசணி ஆகியவற்றில் அது குறைவே.

உணவுப்பழக்கம் மாறினால் உடனே தெரிவித்து ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இலக்கு பலருக்கு 2 முதல் 3 வரை; மைட்ரல் வால்வு மாற்றியவர்களுக்குப் பெரும்பாலும் 2.5 முதல் 3.5 வரை. மாத்திரையின் அளவைத் தாமாக மாற்றலாகாது.

வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல், கருநிற மலம், நில்லாத ஈறுக்கசிவு, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் இரவென்று பாராமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வால்வின் வழக்கமான ‘டிக் டிக்’ ஓசை மங்கினாலும் அவ்வாறே. அந்த ஓசையின் மாற்றத்தை நோயாளிக்கு முன்பே உடன் உறங்குபவர் உணரக்கூடும்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அபிக்சபான் ஆகியவற்றை மட்டும் உட்கொள்வோருக்குக் கீரையில் இந்தக் கட்டுப்பாடு இல்லை.