இடம் மாறிய கடையும் மாறாத விலாசமும்

கிராமத்தில் ஒரு கடை இடம் மாறினால், பழைய கதவில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுவதும், சந்தையில் நாலு பேரிடம் சொல்லி வைப்பதும் முன்னாளில் போதுமானவையாக இருந்தன. இந்நாளில் அவை போதா. வெளியூரார் இப்பொழுது வழி கேட்பது கைப்பேசியிடமே. அதில் உள்ள கூகுள் வரைபடம் பழைய இடத்தையே காட்டுமாயின், கடை மாறியும் மாறாததே ஆகும்.

எமது ஒன்றியத்தில் மகளிர் குழு ஒன்று நடத்தும் மரச்செக்கு, நான்கு கிலோமீட்டர் தள்ளிச் சாலையோரத்திற்கு மாறிற்று. வரைபடத்தில் விலாசம் திருத்தப்படவில்லை. அயலூர் விவசாயி ஒருவர் கடலைப்பருப்பு மூட்டைகளுடன் வாடகை வண்டியில் வந்து, பூட்டிய கதவைக் கண்டு, வேறு செக்கை நாடிச் சென்றார். அவருக்கு வண்டி வாடகை நஷ்டம். குழுவுக்கோ ஒரு வாடிக்கை நஷ்டம். நாம் விசாரித்தபோது, பதிவைத் தொடங்கிய இளைஞர் வெளியூருக்கு வேலைக்குச் சென்றுவிட்டதும், பதிவு அவருடைய சொந்தக் கணக்கில் இருந்ததும் தெரியவந்தன. அவருடன் பேசி, உரிமையைக் குழுவின் கணக்கிற்கு மாற்றிய பின்னரே விலாசத்தைத் திருத்த முடிந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியவை யாவை?

1. பதிவு, தனி ஒருவர் பெயரில் இராமல், ஸ்தாபனத்தின் கணக்கில் இருத்தல் வேண்டும்.

2. பழைய பதிவை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டுப் புதியதொன்று தொடங்குதல் தவறு. வாடிக்கையாளர் எழுதிய மதிப்புரைகள் பழைய பதிவோடு நின்றுவிடும். உள்ள பதிவிலேயே விலாசத்தைத் திருத்துக.

3. கிராமங்களில் கதவிலக்கம் வழிகாட்டாது. ஆகவே வரைபடத்திலுள்ள குறியை விரலால் நகர்த்திக் கடை வாசலிலேயே நிறுத்துக. தொலைபேசி எண்ணையும் வேலை நேரத்தையும் அப்பொழுதே சரிபார்க்கவும்.

4. கூகுள் மீண்டும் சான்று கேட்கக்கூடும். பெரும்பாலும் தெரு, பெயர்ப்பலகை, கடையின் உட்புறம் ஆகியவற்றை இடையறாது காட்டும் வீடியோப்படம் கேட்கப்படும். எனவே புதிய இடத்தில் பெயர்ப்பலகையை முதலில் மாட்டுக.

5. இப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்போரையும், கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைக் கேட்போரையும் நம்பற்க.

வரைபடத்தில் செய்யும் திருத்தம் அரசாங்கப் பதிவேடுகளுக்குச் செல்லாது என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். ஜி.எஸ்.டி. பதிவு உடையோர், இடம் மாறிய 15 நாட்களுக்குள் அங்குத் தனியாகத் தெரிவித்தல் வேண்டும். உரம், விதை, பூச்சிமருந்து விற்போர் உரிமத்திலும் இடத்தை முறைப்படி மாற்றிக்கொள்ள வேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் தத்தம் ஊரிலுள்ள பால் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், சுய உதவிக் குழுக் கடை ஆகியவற்றின் பெயரைக் கைப்பேசியில் தேடிப் பார்த்து, காட்டும் வழியே ஒருமுறை நடந்து செல்வார்களாக. வழி வாசலில் முடிந்தால் நன்று; முடியாவிடில் அன்றே திருத்த ஏற்பாடு செய்வார்கள் என நம்புகிறோம். மூட்டையுடன் வரும் உழவர் ஒருவரும் பூட்டிய கதவின் முன் நிற்றலாகாது.