மைக் ஏன் ஊளையிடுகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு நான்தான் மைக்செட் பார்க்கிறேன். வால்யூமைக் கொஞ்சம் கூட்டினாலே ‘கூ’வென்று கத்துகிறது. ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கள். ஆம்ப்ளிஃபயர் நன்றாகவே வேலை செய்கிறது. ஸ்பீக்கரின் ஒலி மைக்குக்குள் புகுந்து, பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. ஒரு சுற்று முடித்து வரும் ஒலி, புறப்பட்டதைவிடக் குறைவாக இருந்தால் தானே அடங்கிவிடும். சமமாகிவிட்டால், பேசுபவர் வாயை மூடினாலும் நிற்காது. எல்லையை நெருங்க நெருங்க வேகமாகக் கெடும்: ஒரு சுருதி ஒத்திசைந்து திரும்புவது 90 சதவீதம் என்றால் அது 10 மடங்காகும், 99 சதவீதம் என்றால் 100 மடங்கு! குமிழை மயிரிழை திருப்பியதும் அலறுவது இதனால்தான். இதே குணத்தை அளவோடு பயன்படுத்தி, ஒற்றை வால்வில் ரேடியோவை உரக்கக் கேட்கவைத்தார் அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங். 1914இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

உங்கள் மேடைக்கு வருவோம். ஸ்பீக்கர்களை மைக்குக்கு முன்னால் தள்ளி, கூட்டத்தைப் பார்த்து வையுங்கள். பேசுபவர் மைக்கை நெருங்கட்டும். 20 செ.மீ. தூரம் 10 ஆனால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்கு வால்யூமைக் குறைத்துக்கொள்ளலாம். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்க விடாதீர்கள், பின்பக்கச் சத்தமும் உள்ளே வந்துவிடும். பேசாத மைக்குகளை அணைத்துவிடுங்கள். அப்புறமும் கத்தினால், கத்துகிற சுருதியை மட்டும் ஈக்வலைசரில் இறக்குங்கள்.