பொய்ப் புகாரில் சிக்கினால்: முதல் நாளிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

“தப்பே செய்யாத எனக்கு எதுக்கு வக்கீல்?” பொய்ப் புகாரில் மாட்டிய பலரும் இப்படிக் கேட்டுவிட்டுத்தான் முதல் இரண்டு நாளைக் கோட்டைவிடுகிறார்கள். நீங்கள் நிரபராதி என்பது வீட்டாருக்குத் தெரியும். ஸ்டேஷனில் இருப்பதோ எதிராளி எழுதித் தந்த தாள் மட்டும்தான்.

போனில் கூப்பிட்டால்

அழைத்தவர் பெயர், எந்த ஸ்டேஷன், வெறும் மனு விசாரணையா (சி.எஸ்.ஆர்.), எஃப்.ஐ.ஆர். போட்டாயிற்றா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பி.என்.எஸ்.எஸ். எனும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவுப்படி, கைது தேவைப்படாத வழக்கில் எழுத்துமூலம் நோட்டீஸ் தர வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முறையான நோட்டீஸ் வந்தால் மட்டும் கட்டாயம் போங்கள், வக்கீலோடு. தலைமறைவானால் கைதுக்கு நீங்களே காரணம் எடுத்துக்கொடுத்தது போலாகும்.

எஃப்.ஐ.ஆர். நகலைத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்றவை அங்கே இருக்காது. அவற்றின் நகலுக்கு வக்கீல் மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆதாரம் அழியுமுன் எடுங்கள்

எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அவசரம். செவ்வாய் மாலை 6 மணிக்குத் திருடியதாகப் புகார், அந்நேரம் நீங்கள் வேறு ஊரில் இருந்தீர்கள் என்றால், ஃபாஸ்டேக் குறுஞ்செய்தி, பஸ் டிக்கெட், ஜிபே ரசீது, ஆபீஸ் வருகைப் பதிவு என ஒவ்வொன்றையும் அன்றே சேர்த்து வையுங்கள். கடைகளின் சிசிடிவி பதிவு பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். ‘இந்தத் தேதி, இந்த நேரப் பதிவை அழிக்காமல் வைக்கவும்’ என்று கடைக்காரருக்கு எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பதிவு கிடைத்தால், அது கோர்ட்டில் நிற்க பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழும் வேண்டும்.

உங்கள் போனில் ஒரு மெசேஜைக்கூட அழிக்காதீர்கள். சங்கடமான உரையாடலாகவே இருந்தாலும் இருக்கட்டும். அழித்ததுதான் பிறகு சந்தேகமாகும். புகார்தாரரிடம் “ஏன் இப்படிப் பண்றீங்க?” என்று கேட்கவும் போகாதீர்கள். சாட்சியை மிரட்டியதாக இன்னொரு புகார் வரும்.

எழுதிக் கொடுக்காதீர்கள்

“மன்னிப்புக் கடிதம் மட்டும் கொடு, விட்டுடறோம்” என்பார் முதலாளி. இதில் ஏமாறாதவர் குறைவு. போலீஸிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை, அதன்வழி பொருள் கைப்பற்றப்பட்டால் தவிர, கோர்ட் உங்களுக்கு எதிராக ஏற்காது. முதலாளிக்கு எழுதித் தந்த கடிதத்தையோ சாட்சியமாகவே கொண்டுவர முடியும். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது பி.என்.எஸ்.எஸ். 181-வது பிரிவு. வெற்றுத் தாளில் கையெழுத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்களையே சிக்கவைக்கும் கேள்விக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமை அரசியல் சாசனம் தந்தது. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

முன்ஜாமீன்

முன்ஜாமீனுக்கான பிரிவு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438, இப்போது பி.என்.எஸ்.எஸ்.-ல் 482. பழைய 482-தான் வழக்கை ரத்து செய்யும் பிரிவு, அது இன்று 528. இரண்டும் குழம்புவது சகஜம், கவனமாக இருங்கள். செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்றத்திலோ மனு போடலாம். சில குற்றங்களுக்கு முன்ஜாமீன் கிடையாது. கட்டணம் தர முடியாதவர்கள் 15100-க்கு அழைத்து இலவச சட்ட உதவி கேளுங்கள்.

கைதானால்

காரணத்தைச் சொல்லவும், வீட்டாருக்குத் தகவல் தரவும், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க விடவும் போலீஸ் கடமைப்பட்டது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடி விழுந்திருந்தால் அங்கேயே வாய்திறந்து சொல்லுங்கள். தயங்கிவிட்டால், பிறகு நிரூபிப்பது மிகவும் கஷ்டம்.

வழக்கு முடிந்த பின்

நாகர்கோவிலில் பிறந்த இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-ல் உளவு வழக்கில் கைதானார். 1996-லேயே அது பொய் என்றது சி.பி.ஐ. உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது 2018-ல்தான். அவ்வளவு காலம் எவரையும் காக்க வைப்பது அநீதி. ஆனாலும் அவர் வழக்கை விடவில்லை. தீய நோக்கத்தோடு வழக்குத் தொடுத்ததற்கு நீங்களும் சிவில் கோர்ட்டில் நஷ்டஈடு கேட்கலாம். விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுதான் கெடு. தீர்ப்பு வந்த வாரமே சான்றிட்ட நகலுக்கு மனு போட்டுவிடுங்கள்.