எலிக்குட்டியின் எடை ஏன் குறைகிறது?

கேள்வி: கர்ப்பிணி எலிகள் நானோ துகளைச் சுவாசித்தால் குட்டிகள் எடை குறைந்து பிறக்கலாம் என்கிறார்களே! துகள் போவது தாயின் நுரையீரலுக்குத்தானே?

பதில்: கருவைத் துகள் தொடவே வேண்டியதில்லை, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் கர்ப்பிணி எலிகளை டைட்டானியம் டை ஆக்சைடு துகள் கலந்த காற்றைச் சுவாசிக்க விட்டுப் பார்த்தார்கள். வெள்ளை பெயின்ட்டில் சேர்க்கும் அதே பொருள்தான். ஆனால் நானோ அளவுப் பொடி. கருப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்தமனிகள் விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரியவில்லை. எலியின் கர்ப்பமே சுமார் 22 நாள். கடைசி வாரத்தில்தான் கரு மளமளவென்று வளரும். அப்போது ரத்தவரத்து குறைந்தால் சத்தும் ஆக்சிஜனும் குறையும், எடையும் இறங்கும்.

எல்லாச் சோதனையிலும் எடை குறைந்துவிடவில்லை; துகளின் வகை, அளவு, கர்ப்பத்தின் கட்டம் எல்லாம் கணக்கில் வரும். சோதனைக் கூண்டில் தரும் அளவும் தெருக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எலிக்கு நடந்ததெல்லாம் நமக்கும் நடக்கும் என்று பதறாதீர்கள். ஆனாலும் 2019இல் பெல்ஜியம் ஆய்வாளர்கள் பெண்களின் நஞ்சுக்கொடியில், கருவின் பக்கத்திலேயே, புகைக்கரித் துகள்களைக் கண்டார்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் குப்பை எரிப்பதையும் சுவரில் பெயின்ட் சுரண்டுவதையும் தள்ளிப்போடுங்கள்.